பேரீச்சம் பழத்துக்குப் போகலாமா பொம்மை என்ஜின்?

"பழைய இரும்பு, பித்தளை, ஈயத்துக்குப் பேரீச்சம் பழம்!"

ஒரு காலத்தில் இந்தக் குரல் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை. குரல் கேட்டதும் பிள்ளைகள் பரணைப் பார்ப்பார்கள். ஓட்டைக் குடமும் உடைந்த விளக்கும் தராசில் ஏறும். கைநிறையப் பழம் வரும். இன்று பழத்துக்குப் பதில் பணம் வருகிறது. தராசு மட்டும் மாறவில்லை.

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்குகிறது. உள்ளே ஒரு பொம்மை என்ஜின். சாவி கொடுத்து ஓட்டுவது அல்ல. தண்ணீர் ஊற்றி, தீ மூட்டி, நிஜமான நீராவியால் ஓட்டுவது. தாத்தா காலத்துச் சாமான். ஆனால் விளக்கைக் காணோம். ஊதலைக் காணோம். பிஸ்டன் தண்டையும் காணோம்.

"ஓடாத என்ஜின் எதற்கு? எடைக்குப் போடு" என்கிறார் அண்ணன். "பாலிஷ் போட்டுப் புதிதுபோல் ஆக்கி அலமாரியில் வை" என்கிறார் தம்பி.

இரண்டு யோசனையும் தவறு. ஏன்?

உள்ளங்கையில் ஒரு பாடம்

இத்தகைய பொம்மைகளுக்கு ஜெர்மனியிலுள்ள நியூரம்பர்க் நகரம் பெயர் பெற்றது. 'பிங்' என்ற கம்பெனி அங்கேதான் இருந்தது. 1930-களில் அது மூடப்பட்டு விட்டது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1937-ல் 'மாமோட்' கம்பெனி தோன்றியது. இப்படிப்பட்ட கம்பெனிகளின் பொம்மைகள் கடல் கடந்தும் பயணம் செய்தன.

பொம்மை சிறியது. அதிலுள்ள படிப்பு பெரியது. தண்ணீர் கொதித்து நீராவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். மூடிய பாய்லருக்குள் அவ்வளவு இடம் ஏது? வெளியே வர முட்டி மோதும். அந்த வேகம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றும்.

பல பொம்மைகளில் சிலிண்டரே தொட்டில் போல ஆடும். ஒரு பக்கம் ஆடும்போது நீராவி நுழையும் துளை திறக்கும். மறுபக்கம் ஆடும்போது வெளியேறும் துளை திறக்கும். பத்துப் பக்கம் படித்தும் புரியாதது, ஒருமுறை பார்த்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

புதுக்கோட்டைக்கு 1929-ல் திருச்சியிலிருந்து ரெயில் வந்தது. அன்று அதை இழுத்தது நீராவிதான். இன்று அந்தப் பாதையில் நீராவி என்ஜின் ஓடுவதில்லை. 'குபுகுபு' சத்தம் எப்படி எழுந்தது என்று பேரன் கேட்டால், தாத்தா வாயால்தான் ஊதிக் காட்ட வேண்டும். அந்தத் தகரப் பெட்டி இருந்தால், செய்தே காட்டலாம்.

இவ்வளவு சொல்லித்தரும் ஒன்றை எடைக்குப் போடலாமா?

சிலைக்கு ஒரு நீதி, என்ஜினுக்கு ஒரு நீதி

திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1910-ல் தொடங்கியது. சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், காசுகள், ஆயுதங்கள் என்று பலவும் அங்கே உண்டு.

கை உடைந்த கற்சிலை ஒன்று ஓர் அருங்காட்சியகத்துக்கு வந்தால் என்ன செய்வார்கள்? சிமெண்டில் புதுக்கை ஒட்டுவதில்லை. உடைந்தபடியே வைத்து, எந்தக் காலத்தது என்று எழுதி வைப்பார்கள். கை இல்லாவிட்டாலும் சிலை சிலைதான். பொய்க்கை ஒட்டினால், எது சிற்பி செய்தது, எது கொத்தனார் செய்தது என்று நாளைக்குத் தெரியாமல் போகும்.

அப்படியானால் என்ஜினையும் குறையோடு விட்டுவிடலாமா? அங்கேதான் வித்தியாசம். சிலை நிற்கப் பிறந்தது. என்ஜின் ஓடப் பிறந்தது. பிஸ்டன் தண்டு இல்லாத என்ஜின் பாடம் சொல்லாது. ஆகவே காணாமற் போனதைச் செய்து போடலாம். ஆனால் சிலையிடம் கற்ற நேர்மையை மறக்கக் கூடாது. புதியது புதியதாகவே தெரிய வேண்டும்.

உறுப்பு இழந்த ராணி

இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 'பேரி குவீன்' என்ற ரெயில் என்ஜின். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டுக் கல்கத்தாவுக்கு வந்தது. வேலை முடிந்து பல ஆண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. 1997-ல் மறுபடி ஓடியது. வழக்கமாக ஓடும் நீராவி என்ஜின்களில் உலகிலேயே மிகப் பழையது என்று 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது.

2011-ல் அதன் உறுப்புகள் பல களவு போயின. நூற்றைம்பது வயது என்ஜினுக்கு எந்தக் கடையில் உதிரி உறுப்பு வாங்குவது? சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். பெரம்பூர் ரெயில்வே பட்டறையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இல்லாததைப் புதிதாகச் செய்தார்கள். 2012-ல் ராணி மறுபடி நீராவி விட்டாள்.

பக்கத்திலுள்ள திருச்சி பொன்மலைப் பட்டறையும் சளைத்ததல்ல. நீலகிரி மலை ரெயிலுக்கு நீராவி என்ஜினையே புதிதாகக் கட்டி, 2011-ல் அனுப்பி வைத்தது.

பெரிய என்ஜினுக்கு முடிந்தது, பொம்மைக்கு முடியாதா?

செய்யும் வகை

முதலில் எதையும் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு திருகையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட வேண்டும்.

அடுத்து அளவு. பழைய இங்கிலாந்துத் திருகின் மரை வேறு. இன்றைய மில்லிமீட்டர் மரை வேறு. கிடைத்த திருகை வைத்து முறுக்கினால், நூறு ஆண்டு தாங்கிய மரை ஒரு நிமிடத்தில் கெட்டுவிடும்.

சில பழைய மாதிரிகளுக்கு உதிரி உறுப்புகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றை நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கலாம். அதே போன்ற பொம்மை வைத்திருப்பவர் அளவு கொடுத்தால் வேலை சுலபம்.

புதிய உறுப்பின் மறைவான இடத்தில் செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும். எடுத்த பழைய துண்டை எறியாமல் பெட்டியிலேயே வைக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்று ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும்.

பழைய வண்ணத்தைச் சுரண்டக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்த வண்ணத்தில்தான் தாத்தாவின் விரல் பட்டிருக்கிறது. போனால் வராது.

தகப்பனார்தான் இன்ஸ்பெக்டர்

தொழிற்சாலை பாய்லர்களுக்குச் சட்டம் உண்டு. 1923-ல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் வந்தது. பொம்மை பாய்லரைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கே தகப்பனார்தான் இன்ஸ்பெக்டர்!

எல்லா உறுப்பும் ஒன்றல்ல. ஊதல் இல்லாவிட்டால் சத்தம் இராது. பாதுகாப்பு வால்வு இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பாய்லரில் அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடுவது அந்த வால்வுதான். அந்தத் துளையைத் திருகு போட்டு அடைத்துவிட்டு அடுப்பு மூட்டுவது, வெடிகுண்டுக்குத் திரி கொளுத்துவது போல.

பழைய பாய்லரை உடனே சூடாக்கவும் கூடாது. பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி, அனுபவமுள்ளவரிடம் கொடுத்துக் கைப்பம்பால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் தண்ணீர் கசியும். வெடிக்காது. நீராவியில் சோதித்தால் அப்படி இல்லை.

தண்ணீர் வற்றவும் விடக் கூடாது. வற்றினால் ஈயப் பற்று உருகும். பாய்லர் பிரிந்துவிடும். ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதென்று அறியாமல் குழந்தை கை வைத்துவிடும். சில பழைய பொம்மைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதைச் சுரண்டவே கூடாது.

சோதனையில் தேறாவிட்டால்? நெருப்பு வேண்டாம். கையால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாலும் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் கிடைக்கும். பிள்ளையின் கண்ணைவிட ஒரு பொம்மை பெரிதல்ல.

செய்ய வேண்டியது

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லேத் வேலை இலவசமல்ல. வீட்டில் கஷ்டம் என்றால் பொம்மையை விற்பதில் வெட்கமும் இல்லை. ஆனால் எடைக்கு விற்கக் கூடாது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் பித்தளையின் எடையைப் பார்ப்பதில்லை. செய்த கம்பெனியையும் காலத்தையும் பார்க்கிறார்கள். இந்த விஷயம் தெரியாத ஏழைக்குத்தான் நஷ்டம்.

திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கு ஒருநாள் 'பரண் நாள்' வைக்கலாம். வீட்டுப் பழம்பொருளைக் கொண்டு வாருங்கள் என்று அழைக்கலாம். புதுக்கோட்டைத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் லேத் வேலை செய்யலாம். பொன்மலையில் ஓய்வு பெற்ற தொழிலாளிகள் பக்கத்தில் நின்று சொல்லித் தரலாம். பெரியவர்களின் கைத்தொழிலும் பிழைக்கும். பொம்மையும் பிழைக்கும்.

குறை இருக்கிறதென்று தூக்கி எறிவது அவசரம். குறையை மறைத்து மினுக்குவது பொய். குறையைச் சரி செய்து, இன்னது செய்தோம் என்று எழுதி வைப்பதே முறை.

அடுத்த முறை தெருவில் தராசு வரும்போது, பரணிலிருந்து இறக்கிய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பேரீச்சம் பழம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். பேரனுக்குத் தாத்தா காட்டும் நீராவி, அவன் தாத்தாவாகும் வரை நினைவில் நிற்கும்.