சாவிக்கொத்தும் கடவுச்சொல்லும்

(மூன்றாமாண்டு கணினி அறிவியல் மாணவன்)

வீட்டுக்குப் பூட்டு வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்போரின் பெயர், படம், கையெழுத்து, வங்கிக் கணக்கு எண் ஆகியவை இன்று பூட்டில்லாத இடத்தில் கிடக்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நான் பிறந்து வளர்ந்த அரியமங்கலத்தை வைத்தே இதைச் சொல்ல விரும்புகிறேன்.

தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒரு காலத்தில் ஸ்டோர் வீடுகளே மிகுதியாக இருந்தனவாம். பொதுவில் ஒரு முற்றம், ஒரு கிணறு, வரிசையாகக் குடித்தனங்கள். பொன்மலைப் பணிமனைக்கும், பிற்காலத்தில் திருவெறும்பூர் பெல் ஆலைக்கும் போய் வந்தவர்கள் அவற்றில் குடியிருந்தனர். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால், அவருக்குப் பதிலாக வாடகை வசூலிக்க ஒருவர் இருப்பார். அவர் கையில் ஒரு சாவிக்கொத்தும் ஒரு வாடகை நோட்டும் இருக்கும். அந்த நோட்டைத் திருடிக்கொண்டு போனாலும் திருடனுக்கு ஒரு பயனும் கிடையாது.

இன்று அந்த ஸ்டோர்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. சொந்தக்காரர்களில் சிலர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் வாடகை பேசுவதும், பராமரிப்புப் பணம் வசூலிப்பதும், தண்ணீர் மோட்டாரைக் கவனிப்பதும் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வேலை. பெரும்பாலும் அவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். அவருடைய கைப்பேசியில் என்னென்ன இருக்கின்றன? குடிவந்தவர்களின் ஆதார் நகல், பான் அட்டை, வாடகை ஒப்பந்தம், பெண் பிள்ளைகளின் புகைப்படம், வண்டி எண். போதாக்குறைக்கு, "வெள்ளிக்கிழமை வரை ஊரில் இல்லை, பால் வாங்கி வைக்கவும்" என்ற செய்தி வேறு! இவற்றை அவர் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டியிருக்கிறது. தாள்கள் தாமாகவே வந்து குவிகின்றன. குவிந்ததை எப்படிக் காப்பது, எப்போது அழிப்பது என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

2022ஆம் ஆண்டு நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். "சென்ற மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்ற குறுஞ்செய்தி தமிழகம் முழுவதும் பலருக்கு வந்த காலம் அது. அது போலி என்று காவல்துறையும் மின்வாரியமும் எச்சரித்தன. எங்கள் செயலாளர் தாத்தாவுக்கும் அது வந்தது. தனி வீட்டுக்காரர் என்றால், "மின்சாரம் போனால் போகட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுவார். இவர் பொறுப்பிலோ மோட்டாரும் மின்தூக்கியும் இருந்தன. மூன்றாம் மாடியில் நடக்க முடியாத ஒரு பாட்டி வேறு இருந்தார். பதறிப்போய் அந்த எண்ணுக்குப் பேசினார்.

எதிர்முனையில் இருந்தவன் மிகவும் மரியாதையாகப் பேசினானாம். ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பத்து ரூபாய் மட்டும் கட்டிச் சரிபார்க்கச் சொன்னான். அந்தச் செயலியின் வழியாகத் தாத்தாவின் திரையில் தெரிந்ததெல்லாம் அவன் திரையிலும் தெரிந்தது. அட்டை எண்ணும் தெரிந்தது, ஒருமுறைக் கடவு எண்ணும் தெரிந்தது. சங்கக் கணக்கும் அதே கைப்பேசியில்தான் இருந்தது. சுவருக்கு வண்ணம் பூசச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் கால் மணி நேரத்தில் போயிற்று.

உடனே 1930 என்ற எண்ணை அழைத்திருந்தால், பணம் கைமாறும் வழியிலேயே ஓரளவாவது தடுத்து நிறுத்தியிருக்கக்கூடும். அந்த எண் அவருக்கும் தெரியாது, எங்கள் எவருக்கும் தெரியாது. மறுநாள் வங்கி திறந்தபின்தான் போனார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட நட்டம் அவரையே சேரும். தெரிவித்த பின் ஏற்படுவதுதான் வங்கியின் பொறுப்பு. ஓர் இரவு தாமதத்தின் விலை அது.

பணம் போனது ஒரு பங்கு துயரம் என்றால், அதன்பின் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டவை ஒன்பது பங்கு. "இவரே எடுத்திருக்கமாட்டார் என்பது என்ன நிச்சயம்?" என்று கேட்டவர் உண்டு. தாத்தா பதில் எழுதவில்லை. தம் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அந்தத் தொகையை அடைத்தார். பிறகு தஞ்சாவூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓர் உண்மையை இங்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கைப்பேசியை அவருக்கு அமைத்துக் கொடுத்தவன் நான்தான். "தம்பி, நீ கம்ப்யூட்டர் பிள்ளை, கொஞ்சம் பார்த்துக் கொடுப்பா" என்றார். எல்லாவற்றுக்கும் அவருடைய வீட்டு எண்ணையே இரகசிய எண்ணாக வைத்துக் கொடுத்துவிட்டு, பந்தாட ஓடிவிட்டேன். நம் கல்லூரியிலும் என்னைப் போன்றவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

தாத்தா ஏமாந்தது அறியாமையினால் என்று எங்கள் குடியிருப்பில் இன்றும் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் இறக்கிய செயலி திருட்டுச் செயலி அன்று. எனிடெஸ்க் போன்ற அத்தகைய செயலிகளைப் பெரிய நிறுவனங்களின் கணினி உதவியாளர்களும் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். அந்த நிறுவனத்தில் பணிபுரிபவருக்குத் தம் உதவியாளர் யார், அவருடைய குரல் எது, எண் எது என்பது தெரியும். அயலான் பேசினால் ஐயம் பிறக்கும். தமக்கென ஓர் உதவியாளரே இல்லாத பெரியவர், உதவியாளன் வேடத்தில் வருகிறவனை எதை வைத்து அடையாளம் காண்பார்?

எங்கள் சங்கத்தின் வரவுசெலவைப் பாருங்கள். மின்தூக்கிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. குழாய்க்காரருக்கும், காவலாளிக்கும், கழிவுநீர்த் தொட்டி லாரிக்கும் பணம் உண்டு. ஆயுத பூசைக்குப் பூசணிக்காய் வாங்கிய கணக்குக்கூட உண்டு. ஆனால் கணினி, கைப்பேசி, கேமரா ஆகியவற்றைக் காப்பதற்கு ஒரு காசும் கிடையாது. அந்த வேலை மாடிவீட்டுப் பையனுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேமரா என்றதும் நினைவுக்கு வருகிறது. வாசலில் மாட்டிய கேமராவின் கடவுச்சொல், மாட்டியவர் வைத்துவிட்டுப் போனதாகவே பல குடியிருப்புகளில் இருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாறாத கேமராக்களை உலகெங்கும் தேடிப் பிடித்தே பெரும் படை திரட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவில் பல முன்னணி இணையதளங்கள் முடங்கியதற்கு இந்தத் தீநிரலே கருவியாயிற்று. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் வலையமைப்பையே பலமுறை முடக்கிய மாணவர்! (தேர்வு நெருங்கும்போது அத்தகைய ஆசை நமக்கும் எழக்கூடும், அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது என்பதையும் நினைவில் கொள்க.) அவ்வளவு தூரம் போவானேன்? குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் படங்கள் இணையத்தில் விற்கப்பட்ட கொடுமை 2025 பிப்ரவரியில் வெளிவந்ததே!

"அரியமங்கலத்தில் வந்து திருட என்ன இருக்கிறது?" என்று என் நண்பன் சிரித்தான். இராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லி, வீடு பார்க்க நேரில் வராமலே முன்பணம் அனுப்புவதாகக் கட்டச் சதுரக் குறியீடு அனுப்பி, வீட்டுக்காரரின் பணத்தைக் கறக்கும் கூட்டம் எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்தவே தேவையில்லை என்ற ஒரு செய்தி தெரிந்திருந்தால் போதும், அந்த வித்தை பலிக்காது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. அச்சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லுக்குள் பதிவு பெற்றதோ பெறாததோ, சங்கங்களும் அடங்கும். தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தத் தொகையைக் கேட்டு எங்கள் பொருளாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அது உச்சவரம்புதான், எங்களிடம் அத்தனையும் கேட்கமாட்டார்கள் என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய நோட்டுக்கே திரும்பிவிடலாம் என்றார் ஒரு பெரியவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலி செய்து போனவர்களின் ஆதார் நகல் இன்னும் நம்மிடம் எதற்கு? கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கினால் போதாதா? ஆயினும் துபாயிலிருந்து வாடகைக் கணக்குக் கேட்பவருக்கு நோட்டை எப்படிக் காட்டுவது?

சென்ற மாதப் பொதுக்குழுவில் இதையெல்லாம் நான் பேசினேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பின் மூன்று முடிவுகள் பதிவாயின. சங்கக் கணக்கிலிருந்து பணம் போக இருவர் ஒப்புதல் வேண்டும். செயலாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு கடவுச்சொற்களும் மாற்றப்பட்டுக் கைமாற வேண்டும். பால்பண்ணை அருகே கணினிக் கடை வைத்திருப்பவருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய். எவனாவது "உதவி செய்கிறேன்" என்று பேசினால் முதலில் அவரைக் கேட்பது. ஐந்நூறா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள்.

நான்காவதாக ஒன்று கேட்டேன். 2022இல் தாத்தாவைப் பற்றிக் குழுவில் எழுதியவர்கள் அவருக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுத வேண்டும் என்பது. அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.