நிலுவையில் ஒரு வேலை

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் உத்தியோகம் பார்த்து, அதில் பெரும்பகுதியை 'நிலுவை' என்னும் ஒரே சொல்லுக்கு அஞ்சிக் கழித்தவன் நான். ஜமாபந்தி வருகிறதென்றால் நிலுவை. மாதாந்தரக் கூட்டமென்றால் நிலுவை. மேலதிகாரி ஒருவர் மாறிப்போய் இன்னொருவர் வந்து நாற்காலியில் அமர்ந்தால், அவர் முதன்முதலாக விசாரிப்பது நம்முடைய க்ஷேமத்தையல்ல, நிலுவைப் பட்டியலைத்தான். ஆகையால் 2014-ஆம் ஆண்டில், 58 வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாள் மாலையில், பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்றையும் கையில் கொடுத்து, அலுவலக ஜீப்பிலேயே என்னைக் கங்கைகொண்டானில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனபோது, என் பெயரில் ஒரு காகிதங்கூட நிலுவையில் இல்லை என்ற நினைப்பு தந்த ஆனந்தத்துக்கு ஈடாக வேறொன்றையும் அதுவரை நான் அனுபவித்ததில்லை. அந்த ஆனந்தம் சரியாகப் பதினொரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் அடுக்களைக்குள் நுழைந்தேன். கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் காப்பித்தூள் இருப்பது நிர்வாக முறைப்படி சரியன்று என்று எனக்குத் தோன்றவே, டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டி, இருப்புப் பதிவேடு ஒன்றையும் தொடங்கிவைத்தேன். கோயிலுக்குப் போய்த் திரும்பிய என் மனைவி நிலைப்படியில் நின்றபடியே அதைப் பார்த்தாள். "இந்தா பாருங்க, ஒங்க தாலுகா ஆபீசுக்குள்ள நான் ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கனா? இது என் கச்சேரி. இங்க ஒங்களுக்கு எடம் காலி இல்ல" என்றாள். அகர வரிசை அன்று சாயங்காலமே கலைந்தது.

அடுக்களையிலிருந்து விலக்கப்பட்டவன் தெருவுக்கு வந்தேன். டீக்கடையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, சும்மாத்தான இருக்கிய?" என்று கேட்டார்கள். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆனாலும் நாளுக்கு நாலு முறை கேட்டால் அது குற்றப்பத்திரிகை போல் ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. சும்மா இருக்கும் சுகத்தை நம் ஞானியர் பெரிதாகப் போற்றியிருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்; ஆனால் அது மனத்தைப் பல்லாண்டு பழக்கிப் பெறுகிற நிலை. தாலுகா அலுவலகத்திலிருந்து புறப்பட்டு நேரே அங்கே போய் இறங்குவதற்கு ரயில் கிடையாது.

பணத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஓய்வூதியம் என்பது சர்க்கார் மனமிரங்கி இடும் தர்மமன்று, ஊழியன் உழைத்துச் சேர்த்த உரிமை என்று 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிய நாளைத்தான் ஓய்வூதியர் தினமாக நாங்கள் கொண்டாடுகிறோம். மூன்றிலொரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால், பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பங்கு மறுபடியும் நமக்கு வரத் தொடங்கும். எண்பது வயதைத் தொட்டவருக்கு நூற்றுக்கு 20 கூடுதல். எனக்குப் பின் வந்தவர்களுக்கு வயது வரம்பு 2020-இல் 59 ஆகி, மறு ஆண்டே 60 ஆயிற்று. இத்தனை கணக்கையும் போட்டுவைத்த புண்ணியவான்கள், காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையே உள்ள பொழுதை என்ன செய்வதென்று மட்டும் ஓர் அரசாணை பிறப்பிக்கவில்லை. (வயலிலும் களத்திலும் உழைத்துப் பென்ஷன் என்ற சொல்லையே அறியாமல், கை ஓய்ந்தால்தான் ஓய்வு என்றிருக்கிற பெரும்பாலோர்க்கு இந்தத் துக்கமெல்லாம் ஆடம்பரமாகத் தோன்றும் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

இந்த விஷயத்தில் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் ஒரு பாதிரியார். 1820-இல் பிறந்து, 1839-இல் சென்னை வந்து இறங்கி, 1842-இல் நம் சீமையைச் சேர்ந்த சாயர்புரத்துக்கு வந்து பள்ளி நடத்திய ஜி.யு. போப் என்பவரைத் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பாளராகத்தான் பலரும் அறிவார்கள். அந்த மொழிபெயர்ப்பு 1886-இல், அதாவது நம் ஊரில் பேரனைத் தூக்கிக்கொண்டு திரிகிற வயதில், அவர் வெளியிட்டது. இந்தியாவை விட்டுத் திரும்பி, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் உத்தியோகத்தை அவர் ஏற்றபோதே வயது அறுபதைத் தாண்டியாயிற்று. 1893-இல் நாலடியார் முடிந்தது. அப்புறந்தான் திருவாசகம். அதை மொழிபெயர்க்கும் ஆசையை ஒரு நாள் நடந்துகொண்டே பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டிடம் சொல்லி, இந்த வயதில் இதைத் தொடங்கி முடிக்க ஆயுள் இருக்குமோ என்று போப் தயங்கினாராம். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஆயுள் தானே நீளும், வேலை முடியும் மட்டும் நீர் இருப்பீர் என்ற பொருளில் ஜோவெட் தேறுதல் சொன்னாராம். நூலின் முன்னுரையில் போப்பே இதை எழுதியிருக்கிறார். தேறுதல் சொன்ன ஜோவெட் 1893-இலேயே காலமானார். கேட்டுக்கொண்டவர், எண்பதாவது வயதில், 1900-ஆம் ஆண்டில் திருவாசகத்தை அச்சில் பார்த்தார். அதற்குப் பிறகும் எட்டாண்டு இருந்தார். திருவாசகம் அச்சேறிய அந்த எண்பது, நம் சர்க்கார் 20 சதவீதம் கூட்டிக் கொடுக்கிற அதே வயது என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வெட்கமும் வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு பாதிரியாரின் கதையும் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. இடையன்குடிக்கு வந்து நம் சீமையில் அரைநூற்றாண்டு உழைத்த கால்டுவெல், 1891 ஜனவரி முடிவில் பொறுப்பைத் துறந்து ஓய்வு கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி கொடைக்கானலில் உயிர் நீத்தார். அவருக்கு வயது எழுபத்தேழு, உடம்பும் முன்பே தளர்ந்திருந்தது. ஆதலால் இதைக் காரணகாரியமாக எடுத்துக்காட்ட நான் துணியமாட்டேன். எனினும் ஓய்வு பெற்ற முதல் வருஷத்தில் அந்த ஏழு மாதம் என் மனத்தை விட்டு அகலவில்லை என்பது உண்மை.

எங்கள் இலாகாவிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. நெல்லையில் 1904-இல் பிறந்து, வருவாய்த் துறையில் படிப்படியாக உயர்ந்து, கலெக்டராக இருந்து 1959-இல் ஓய்வு பெற்ற தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானுக்குக் கோயிலும் சிற்பமும் உத்தியோகக் காலத்திலேயே பிடித்த பித்து. தஞ்சையில் 1951-இல் கலைக்கூடம் உருவானதில் அவர் பங்கு பெரியது. ஓய்வுக்குப் பின் 1965-இல் மறையும் வரை கிடைத்தவை ஆறே ஆண்டுகள்தாம். 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று பெயரிட்டு, பாலாற்றங்கரையில் தொடங்கிப் பொருநைத் துறை வரை கோயில் கோயிலாக வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் அந்தப் பெரும் யாத்திரைதான் அந்த ஆண்டுகளில் அவரை ஆட்கொண்டிருந்தது. ஊர் ஊராக ஜீப்பில் போய் ஆய்வு செய்த மனிதர், பிறகு அதே ஊர்களின் சந்நிதிகளில் நின்று ரசித்து எழுதினார். முகாம் போவது நிற்கவில்லை, நாட்குறிப்பு மாறியது என்று எங்கள் பாஷையில் சொல்லலாம்.

தொண்டைமானுக்குக் குருஸ்தானத்தில் இருந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரோ இன்னும் விநோதமானவர். வக்கீல் தொழிலையும் அறநிலைய வாரியத்துப் பதவியையும் விட்டொழித்துக் குற்றாலத்தில் போய் உட்கார்ந்து, கம்பன் பாட்டொன்றைச் சொல்லி, வந்தவர் முகம் மலர்வதைப் பார்த்து மகிழ்வதையே முழுநேர வேலையாக 1954-இல் மறையும் வரை நடத்திவந்தார். சம்பாஷணை ஒரு வேலையா என்று கேட்பவர்கள், நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்க்கலாம். அவர் வீட்டுக்கு அருகே அருவியாய் விழுந்த சிற்றாறுதான் தென்காசி கடந்து, எங்கள் ஊரைத் தொட்டு, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் எங்களுக்குக் காற்று மட்டும் வரும்; தண்ணீர் பெரும்பாலும் வழியிலுள்ள அணைக்கட்டுகளிலேயே தங்கிவிடும். ரசிகத்தன்மையும் அப்படியே தென்காசிப் பக்கமே தங்கிவிட்டதோ என்று ஒரு காலத்தில் நான் குறைப்பட்டதுண்டு.

எனக்கு வாய்த்த வேலை இவற்றின் முன் மிகச் சிறியது. சர்க்கரைக்காக நடக்க வேண்டும் என்று மருத்துவர் உத்தரவிட்டிருந்தார். ஆனால் நடப்பதற்காகவே நடப்பது என் கால்களுக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் நாளே ஏதாவது ஒரு முழங்கால் விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவிடும். அப்படி ஒரு விடியற்காலையில், மான் சரணாலயத்திலிருந்து வழி தப்பி வந்த புள்ளிமான்கள் இரண்டு வரப்போரம் மேய்வதை நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வயல் பெரியவர், "நேத்து புளியடித் தடியில நின்னுது, இன்னிக்கு ஆனைப்பள்ளத்துக்கு வந்துட்டு" என்றார். முப்பத்தைந்து ஆண்டு 'அ' பதிவேட்டோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அந்த நிலங்களின் சர்வே நம்பர் தெரியும், உட்பிரிவு தெரியும், தீர்வை தெரியும். அவற்றுக்குப் பெயர் இருப்பது தெரியாது!

எங்களுக்குப் பக்கத்து ராஜவல்லிபுரத்தில் 1896-இல் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளை, தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களுக்கென்றே ஒரு நூல் செய்தார். கங்கை கொண்ட சோழனின் பட்டத்தை எங்கள் ஊர் சுமந்துகொண்டிருப்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் ஊருக்குள்ளே கிடக்கிற ஒவ்வொரு தடிக்கும், மடைக்கும், மேட்டுக்கும் உள்ள பெயரை யார் எழுதினார்கள்? முன்பு கர்ணங்கள் அறிந்திருந்தார்கள். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் ஒழிக்கப்பட்ட பிறகு, ஒழிக்கப்பட்டது சரியேயாயினும், அந்த ஞாபகமும் அவர்களோடு போயிற்று. கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று நிலத்தை அளந்த பேச்சும் இன்று எழுபதைத் தாண்டிய வாய்களில்தான் இருக்கிறது. சிப்காட் வளாகத்துக்குள் போய்விட்ட மானாவாரிப் புஞ்சைகளின் மேல் இப்போது தொழிற்சாலைகள் நிற்கின்றன. அங்கே ஆடு மேய்த்த ஒருவர் வேலியோரம் நின்று விரலை நீட்டி, அந்தக் கொட்டகை இருப்பது இன்ன விளை, இந்தத் தார்ரோடு போவது இன்ன ஓடை என்று சொல்லும்போது, என் கையிலிருக்கும் வரைபடம் வெறும் கோடாகிவிடுகிறது.

நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. ஒரு பெயருக்காக இரண்டு மைல் நடக்கும் முழங்கால், ஆரோக்கியத்துக்காக இரண்டு பர்லாங்கு நடக்க மறுத்தது என்பதை மருத்துவரிடம் சொன்னேன்; அவர் நம்பவில்லை, சர்க்கரை அளவைப் பார்த்த பிறகு ஒன்றும் பேசவுமில்லை. இதனால் யாருக்குப் பிரயோஜனம் என்று என் மகன் தொலைபேசியில் கேட்டான். பட்டா மாறுதலுக்கு உதவாது, வழக்குக்குச் சாட்சியாகாது; கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை. ஆனால் டீக்கடையில் கேள்வி மாறிவிட்டது. "அண்ணாச்சி, இன்னும் எத்தனை தடி பாக்கி?" என்கிறார்கள்.

சென்ற வாரம் வாய்க்கால் கரை வேப்பமரத்தடியில் பெரிய விவகாரமே நடந்தது. 'கல்யாணச் செய்' என்று ஒரு வயல். பெயரைப் பற்றித் தகராறு இல்லை; காரணத்தைப் பற்றித்தான். எண்பத்தாறு வயதுப் பெரியவர், அது ஒரு வீட்டுப் பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது என்றார். எண்பத்துமூன்று வயதுக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்: "சீதனமா? அந்தக் கல்யாணச் செலவுக்கு வித்த செய் அது. கிரயம் முடிச்ச அன்னிக்கு எங்க அய்யாகூட நானும் போயிருந்தேன்." "நீ அப்பம் இடுப்புல அரைஞாண்கயிறு கட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய" என்றார் மூத்தவர். இரண்டு வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டு, "பெரியப்பா, இதுக்கு வேற சாட்சி உண்டா?" என்று கேட்டேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு இளையவர்தான் சொன்னார்: "கல்யாணப் பொண்ணே ராசவல்லிபுரத்துல இருக்கால்லா. தொண்ணூறு இருக்கும். காதுதான் கொஞ்சம் மந்தம்."

வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் போகலாமென்றிருக்கிறேன். அந்த ஆச்சி தன் தாய்வழியில் ஏதோ உறவு என்று சொல்லி என் மனைவியும் உடன் வருவதாக இருக்கிறாள். அடுக்களைக் கச்சேரிக்கு அன்று விடுமுறை. நோட்டில் கல்யாணச் செய்யின் நேரே, காரணம் என்ற கட்டத்தில், சிவப்பு மையால் 'நிலுவை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.