உச்சி வழுக்கையும் பூர்வ ஜென்மப் புரட்டும்

25 வயது வாலிபனுக்கு உச்சியில் மயிர் குறைந்தால், பூர்வ ஜென்ம பாவம் என்கிறான் ஜோசியன். முடிகாணிக்கை செலுத்து என்கிறான் பூசாரி. எண்ணெய் விற்கிறான் வியாபாரி. மூவர் பையும் நிறைகிறது. மயிர் மாத்திரம் முளைக்கக் காணோம்!

உண்மை என்ன? தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வரும் பரம்பரைக் கூறும், ஆண்மைச் சுரப்பும் சேர்ந்து மயிர்க்கால்களைச் சிறுக்கச் செய்கின்றன. பருவமடையுமுன் விரை நீக்கப்பட்டோர்க்கு இவ்வழுக்கை விழுவதில்லை. அச்சுரப்பைச் செலுத்தினால், குடும்பத்தில் வழுக்கையுள்ளோர்க்கு விழுகிறது என்று 1942-லேயே ஹாமில்டன் என்ற அமெரிக்கர் காட்டினார். அப்படியானால் பாவம் விரைக்குள்ளா குடியிருக்கிறது என்று கேட்கின்றோம்.

மினாக்சிடில் முதலிய மருந்துகள் ஓரளவு உதவும். நிறுத்தினால் பலனும் போகும். ஆகவே தோழர்களே, வேண்டுமானால் வைத்தியரிடம் செல்லுங்கள். இல்லையேல் வழுக்கையோடு நிமிர்ந்து நடங்கள். பெண் கொடுப்போரே, தலைக்கு மேலிருப்பதை விட்டு உள்ளிருப்பதைப் பாருங்கள்!