தங்கச்சிகிட்ட கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி

மரவள்ளி பிடுங்கி சேகோ ஆலைக்கு லோடு ஏத்தியாச்சு. அடுத்த நடவுக்குக் குச்சி நறுக்க இன்னும் பத்து நாள் இருக்கு. வழக்கமா இந்த இடைவெளியில மழை, மாடு, கிழங்கு விலைன்னு ஏதாவது புலம்பி எழுதுவேன். இந்தத் தடவை வேற விஷயம். படிக்கிற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நகரத்துல இருக்கிற நம்ம ஆட்கள் கிராமத்தைப் பத்தி அடிக்கடி ஒண்ணு சொல்றாங்க. "எங்க அப்பார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டுல செத்தாலும் தெரியாதுங்க. உங்க ஊர்ல அப்படியா? ஒருத்தருக்கு ஒண்ணுன்னா ஊரே ஓடி வரும்." வரும்தான். வைக்கோல் போர் பத்திக்கிட்டா வரும். கிணத்துல மாடு விழுந்தா கயிறோட வரும். சாவுக்கு வரும், பந்தக்கால் நட வரும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீட்டுல பொம்பளை அலறுற சத்தம் கேட்டா மட்டும் வராது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கும்.

நகரத்துல தெரியல, அதனால வரலன்னு சொல்லிக்கலாம். இங்க தெரியும். எந்த வீட்டுல எந்தக் கிழமை அடி விழும்னு தெரியும். மறுநாள் களையெடுக்க வர்றவ முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடியிருந்தா ஏன்னு தெரியும். கேட்டா, மாடு முட்டிருச்சும்பா. அந்த வீட்டுல மாடே இல்லங்கிறதும் எல்லாருக்கும் தெரியும். இப்படித் தெரிஞ்சும் வராத ஊருக்கு ஒற்றுமைன்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன பெண்கள்ல நூத்துக்கு 38 பேர் கணவன் கையால வன்முறையை அனுபவிச்சவங்க. அதே கணக்கெடுப்பு இந்தியா முழுசுக்கும் இன்னொண்ணு சொல்லுது. அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்ச பெண்கள்ல நூத்துக்கு 77 பேர் உதவியும் கேக்கல, யார்கிட்டயும் வாயும் திறக்கல. உதவி கேட்டவங்க வெறும் 14 பேர். "இந்தக் காலத்துப் பொம்பளைங்க எடுத்ததுக்கெல்லாம் பொய்க் கேஸ் போடுறாங்க"ன்னு டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேசுறவங்க இந்த 77ஐ மனசுல வச்சுக்கிட்டுப் பேசணும்.

அடுத்த சமாதானம், "குடிதாங்க காரணம். தெளிஞ்சா தங்கமான பையன்." குடி கெடுதல்தான், கடையை மூடினா நானும் சந்தோஷப்படுவேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தத் தங்கமான பையன் அதே போதையில வட்டிக்குக் கொடுத்தவரை அடிச்சதுண்டா? ஊர்த் தலைவரைக் கை நீட்டினதுண்டா? வழியில பத்துப் பேரைப் பார்த்து ஒதுங்கி, வணக்கம் வச்சு, பத்திரமா வீட்டுக்கு வந்து பொண்டாட்டியை மட்டும் அடிக்கிறான். யாரை அடிச்சா கேள்வி வரும், யாரை அடிச்சா வராதுன்னு போதையிலயும் அவனுக்குத் தெளிவா இருக்கு. அந்தத் தெளிவைக் கொடுத்தது ஊர்.

அது எப்படின்னு பஞ்சாயத்துல வந்து பாருங்க. கோயில் முன்னாடி ஆம்பளைங்க வட்டமா உக்காந்திருப்பாங்க. அடி வாங்கினவ தூரத்துல தூணோரம் நிப்பா. அவ பேச்சை அவ அப்பனோ அண்ணனோ பேசுவான். "அடிக்கிற கைதான் அணைக்கும்"னு ஒரு பெரியவர் பழமொழி எடுத்து விடுவார். "ரெண்டு புள்ளைங்க இருக்கு, அனுசரிச்சுப் போம்மா"ன்னு தீர்ப்பு. அவன் ஒரு வெள்ளைத்தாள்ல "இனிமே செய்ய மாட்டேன்"னு கையெழுத்துப் போடுவான். எல்லாரும் டீ குடிச்சுட்டுக் கலைவாங்க. இதுக்குப் பேர் "சேர்த்து வச்சோம்". அன்னைக்கு ராத்திரி கதவு சாத்தினப்புறம் என்ன நடந்துச்சுன்னு பார்க்க அந்தப் பெரியவர்கள்ல ஒருத்தரும் போறதில்ல. சண்டையைத் தீர்க்கணும்னு கூடின கூட்டமா இருந்தா மறுவாரம் போய் விசாரிச்சிருக்கும். இது ஊர்ப் பேரைக் காப்பாத்தக் கூடின கூட்டம்.

சொந்தத்துல கட்டிக் கொடுத்தா பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை வேற. அத்தை வீட்டுக்குத்தானே போறான்னு அனுப்புறாங்க. அடி விழுந்தா யார்கிட்ட போய்ச் சொல்லுவா? அப்பாகிட்ட சொன்னா, அவர் கூடப்பிறந்த அக்கா மேலயும் அக்கா மகன் மேலயும் புகார் சொல்ற மாதிரி. "என் அக்காகிட்ட நான் எந்த மூஞ்சியோட போய்க் கேப்பேன்"னு அவரே கண்ணைக் கசக்குவார். பொறந்த வீடும் புகுந்த வீடும் ஒண்ணாயிட்டா தப்பிச்சு வர ரெண்டாவது கதவே கிடையாது.

பாலியல் வன்முறைன்னா பஞ்சாயத்து இன்னும் கேவலம். கெடுத்தவனுக்கே கட்டி வைக்கலாமான்னு கூசாம பேசுவாங்க. பாதிக்கப்பட்டவ காலனிப் பொண்ணு, செஞ்சவன் நிலம் வச்சிருக்கிறவன் வீட்டுப் பையன்னா கட்டி வைக்கிற பேச்சும் இருக்காது. கையில கொஞ்சம் பணம், கூடவே ஒரு மிரட்டல்: "கேஸ்னு போனா நாளையில இருந்து உங்க சனம் யாரையும் வேலைக்குக் கூப்பிட மாட்டோம்." விவசாயியா இருக்கிறதால இந்த வாசகத்தோட எடை எனக்குத் தெரியும். அறுப்பு நேரத்துல ஒரு தெருவையே வேலைக்குக் கூப்பிடாம விட்டா அந்தத் தெரு அடுப்பு எத்தனை நாள் எரியும்? பாலியல் வல்லுறவு வழக்குல சமரசம்ங்கிற பேச்சுக்கே இடமில்லன்னு உச்ச நீதிமன்றம் 2015லேயே சொல்லிருச்சு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல இருந்து இருக்கு. அதெல்லாம் கோயில் திண்ணையைத் தாண்டி உள்ள வர்றதில்ல.

அப்ப ஊர்னு ஒண்ணு சேர்ந்து நிக்கவே நிக்காதான்னா, நிக்கும். எங்க தர்மபுரி மாவட்டத்துலயே நின்னிருக்கு. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்துல வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரம் தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள்ள புகுந்தாங்க. ஊரைச் சூறையாடினாங்க. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர், அத்தனை பேரும் அரசாங்க ஆட்கள். 2011ல தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னப்ப 54 பேர் செத்துப் போயிருந்தாங்க. மீதி 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. 2023 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சு, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொல்லிச்சு. 31 வருஷம். காடும் மேடுமா இருந்த ஏழை சனம், சங்கம் கூட நிக்க, 31 வருஷம் வழக்கை விடாம நடத்தினாங்க. அந்தப் பெண்கள் நீதிமன்றத்துல நின்னு சாட்சி சொன்னாங்க. பொண்ணு பேர் கெட்டுடும்னு வாயை மூடியிருந்தா ஒருத்தன் மேலயும் தீர்ப்பு வந்திருக்காது.

பொள்ளாச்சி வழக்கும் அப்படித்தான். 2025 மே மாசம் ஒன்பது பேருக்கும் சாகும் வரைக்கும் ஆயுள் தண்டனை கிடைச்சது, சாட்சிகள் ஒருத்தர்கூடப் பிறழாம நின்னதால.

வாச்சாத்தியைப் பத்திப் பேசினா எங்க பக்கம் எல்லாருக்கும் நெஞ்சு நிமிரும். அங்க நான் ஒரு கேள்வி கேப்பேன். அன்னைக்கு வந்தவன் காக்கி போட்ட வெளியாள். செஞ்சவன் நம்ம தெருப் பையனா, நம்ம பங்காளியா, நம்ம மருமகனா இருந்தா அதே மாதிரி 31 வருஷம் நிப்போமா? 31 நாள்? பதில் எல்லாருக்கும் தெரியும்.

"நமக்கெதுக்கு வம்பு, நாளைக்கு நம்ம மேலயே கேஸ் வரும்"னு ஒதுங்குறவங்களுக்கு ஒரு தகவல். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தோட 4ஆவது பிரிவு இதுக்குன்னே எழுதி வச்சிருக்கு. ஒரு வீட்டுல வன்முறை நடக்குதுன்னு யார் வேணும்னாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோட சொன்னா அவர் மேல எந்த வழக்கும் வராது. போன்ல 181னு போட்டா எந்த நேரமும் எடுப்பாங்க, காசு ஆகாது. அதே சட்டப்படி, கட்டின வீட்டுல குடியிருக்கிற உரிமை மனைவிக்கு உண்டு, வீடு யார் பேர்ல இருந்தாலும் சரி. தேவைப்பட்டா அவனை வெளிய போகச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். "அடிச்சா நீ கிளம்பி வந்துடு"ன்னுதான் எல்லாரும் அவகிட்ட சொல்றாங்க. அடிச்சவனைக் கிளம்பச் சொல்லவும் சட்டத்துல இடம் இருக்குன்னு ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனா சட்டம் எழுதி வச்சிருக்கிறது ஒண்ணு, அவ அதுவரைக்கும் போய்ச் சேர்றது வேற. பாதுகாப்பு அலுவலர் இருக்கிறது மாவட்டத் தலைநகர்ல. ஒரு நாள் போய் வந்தா ஒரு நாள் கூலி போச்சு. மகளிர் குழுக் கடன் அவ பேர்ல இருக்கும், வாரத் தவணைக்கு நாள் நெருங்கும். புள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கு. கிளம்பி வந்தா எங்க தங்குறது? "எதுக்கு இன்னும் அவன்கூட இருக்கா"ன்னு கேக்குற நகரத்து நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்க. பொறந்த வீட்டுக்கு வந்தா நாலு நாள் சோறு. அஞ்சாவது நாள் அண்ணி முகம் மாறும். பத்தாவது நாள் ஊர் அவளுக்கு வாழாவெட்டின்னு பேர் வைக்கும். பதினோராவது நாள் அவளே பையைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போயிடுவா.

இங்கதான் நகரத்துல இருக்கிற உங்க பங்கு வருது. வருஷா வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வர்றீங்க. தேர் இழுக்கிறீங்க, கெடா வெட்டுறீங்க, போட்டோ போடுறீங்க. அதோட நிக்கிறதில்ல. லீவு கிடைச்ச கையோட அக்கா தங்கச்சிங்களைக் கார்ல ஏத்திக்கிட்டுப் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போறீங்க. விடுதலைப் பத்திரம். "உனக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே, ஒரு கையெழுத்துதானே." அவளும் போட்டுடுவா. கேட்டா பொறந்த வீட்டு உறவு போயிடும்ங்கிற பயம். வர்ற வழியில ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்துடுவீங்க.

அந்தக் கையெழுத்துல அவ எதை விட்டுக் கொடுக்கிறான்னு தெரியுமா? கேரளாவுல திருவனந்தபுரம் மாவட்டத்துல பிரதீப் பாண்டா, பீனா அகர்வால்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு செஞ்சு 2005ல வெளியிட்டாங்க. தன் பேர்ல நிலமும் வீடும் இல்லாத பெண்கள்ல நூத்துக்கு 49 பேர் கணவன்கிட்ட அடி வாங்கினவங்க. நிலம் மட்டும் இருந்தவங்கள்ல 18 பேர். வீடு மட்டும் இருந்தவங்கள்ல 10. ரெண்டும் இருந்தவங்கள்ல 7 பேர். ஆம்பளைங்க திருந்திட்டாங்கன்னு இதுக்கு அர்த்தமில்ல. இவளுக்குப் போக ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சா கை ஓங்குறவன் யோசிக்கிறான்.

"நகை போட்டோமே, அதுவும் சொத்துதானே" என்பீங்க. ஒரு விவசாயிகிட்ட இதைச் சொல்லாதீங்க. கல்யாணமான முதல் கோடையிலயே அந்த நகை அடகுக் கடைக்குப் போயிடும். போர் போடணும், மோட்டார் மாத்தணும், உரம் வாங்கணும். அவ கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும் மிஞ்சும். நிலம் அப்படி நடந்து போகாது. அவ பேர்ல பட்டா இருந்தா, அதை அண்ணனே உழுதாலும், வருஷம் இவ்வளவு குத்தகைன்னு அவ கைக்கு வரும். ஒரு நாள் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்து இறங்கினா அண்ணி முகத்தைப் பார்த்து நிக்க வேண்டியதில்ல. அவ இடத்துல அவ நிப்பா.

இதுல தானம், தர்மம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுல மகளுக்குப் பூர்வீகச் சொத்துல பங்குன்னு 1989லேயே சட்டம் வந்துருச்சு. 2005ல நாடு முழுக்க வந்துச்சு. அந்தத் திருத்தம் வந்தப்ப அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கட்டாயமில்லன்னு 2020ல உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. அவளோடதை அவகிட்ட விட்டு வைக்கச் சொல்றேன், அவ்வளவுதான். பெண்கள் பாதுகாப்புக்காக நகரத்துல மெழுகுவர்த்தி ஏத்துறீங்க. நல்லது. அதே கையால ஊருக்கு வந்து தங்கச்சி திரும்பி வர்ற கதவைச் சாத்தாதீங்க.

ஊர்ல இருக்கிற நாங்க செய்ய வேண்டியதும் பெருசா ஒண்ணுமில்ல. சத்தம் கேட்டா போய்க் கதவைத் தட்டணும். சும்மா தீப்பெட்டி இருக்கான்னு கேட்டாலும் போதும், ஓங்கின கை இறங்கும். ஆஸ்பத்திரிக்கோ ஸ்டேஷனுக்கோ அவளைத் தனியா அனுப்பாம ரெண்டு பொம்பளைங்க கூடப் போகணும். கோர்ட்டுக்குப் போற நாள்ல அவ ஆட்டையும் மாட்டையும் யாராவது பார்த்துக்கணும், குழுவுல தவணைக்கு ஒரு வாரம் பொறுக்கணும். பஞ்சாயத்து கூடித்தான் ஆகணும்னா அவ உக்காந்து அவளே பேசணும். புதுக்கோட்டையில ஷரீஃபா கானம் பெண்களுக்குன்னே தனி ஜமாத் தொடங்கிக் காட்டினாங்க. அவங்களால முடிஞ்சது மாரியம்மன் கோயில் முன்னாடி முடியாதா?

இந்த வருஷமும் திருவிழாவுக்கு வருவீங்க. பத்திரப் பதிவு ஆபீசு வேலை ஏதாவது பையில இருந்தா அதை வெளிய எடுக்காம, தங்கச்சியைத் தனியாக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நல்லா இருக்கியாம்மா?" அவ பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிறான்னு கவனிங்க. அதுக்கப்புறமும் கையெழுத்து வாங்கணும்னு தோணுச்சுன்னா வாங்கிக்கோங்க. எங்க ஊர் ஒற்றுமையைப் பத்தி மட்டும் பேசாதீங்க.