ஊர்ப் பெரியவர்களுக்கு: இடுகாட்டுப் புங்கை குறித்து

கல்லறைக்கல் வைக்கும் இடத்தில் கல்லுக்குப் பதிலாக வளர்க்கப்படுவது நினைவு மரம். இங்கிலாந்தின் கார்லைல் நகரில் கென் வெஸ்ட் 1993-இல் தொடங்கிய வன இடுகாடு, அந்நாட்டில் இவ்வகைக்கு முன்னோடி. ஜெர்மனியில் 2001 முதல் முறை வேறு: வளர்ந்த காட்டு மரத்தின் வேரடியில் அஸ்தியைப் புதைக்கிறார்கள்.

வன இடுகாட்டில் பெட்டி பிரம்பு, அட்டை, கம்பளி என மக்கும் பொருளாக இருக்கும். உடலுக்கு மருந்து ஏற்றுவதில்லை. குழி மூடியவுடன் கன்று வைத்தால் மண் இறங்கும்போது வேர் அந்தரத்தில் நிற்கும். ஆகவே மேடு அமுங்கும்வரை காத்திருந்து, இலையுதிர்ந்து மரம் உறங்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் நடுகிறார்கள். ஓக், பிர்ச், காட்டுச் செர்ரி என அந்த மண்ணின் மரங்களே. விரல் பருமன்கூட இல்லாத குச்சி, வேரில் ஒட்டிய மண்ணும் இல்லாமல் வந்து சேரும். முயல் கடிக்காதிருக்க உறை மாட்டுவார்கள். ஓக் விரிந்து நிற்க இடம் தேவை என்பதால் எல்லாக் குழிக்கும் தனி மரம் கிடைக்காது.

நம் ஊரில் இதற்குப் பெயர் கிடையாது, செயல் உண்டு. தகப்பனின் தலைமாட்டில் மூத்த மகன் ஊன்றிய புங்கங்கன்றும் நினைவு மரமே. அந்த மகன் அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கோடையெல்லாம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர் தாய். மகனோ இன்று அயல்நாட்டு வன இடுகாட்டில் ஞாயிறுதோறும், முகமறியாதவர்களின் கன்றுகளுக்குக் களை எடுக்கிறார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சென்ற மாதம் அவருக்கு வாட்ஸப்பில் வந்த படத்தில் புங்கை இல்லை. வெட்டுவாய் வெளுத்துக் கிடந்தது, மேடு முழுக்க மரத்தூள். அமரர் ஊர்தி திரும்ப இடம் வேண்டுமென்று அறுத்தார்களாம். எதிர்ப்பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய இடத்தைத் துப்புரவாக்கியிருந்தால் இரண்டு வண்டி திரும்பியிருக்கும். இருபத்திரண்டு வருட மரத்தை அறுக்குமுன் ஒரு போன் செய்திருக்கலாம். அந்த நிழலில் நின்றுதானே ஊரே பால் தெளித்தது?

புங்கை வெட்டினாலும் துளிர்க்கும் சாதி. அடிக்கட்டையை ஜேசிபி வைத்துத் தோண்டாமல் விட்டால் போதும், சுற்றிலும் துளிர் கிளம்பும். அவற்றில் நேராக, வலுவாக உள்ள ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ள வேண்டும். எதிர்ப்பக்கச் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றி வேலியாக அடைக்கலாம். ஆள்கூலியை மகன் அனுப்புகிறார். தண்ணீர் ஊற்றத்தான் ஆள் வேண்டும். தாய்க்கு இப்போது குடம் தூக்க முடியவில்லை.