பழி யார் தலையில்?

காவிரி கடலில் கலக்கும் இடம் பூம்புகார். கண்ணகி பிறந்த ஊர். இங்கே 1973-ம் ஆண்டு திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம், ஏழு நிலை மாடமாக நிற்கிறது. கோவலன், கண்ணகி கதையை அதில் சிற்பங்களாக வடித்து வைத்திருக்கிறார்கள்.

அதே 1973-ல் ஜப்பான் நாட்டில் ஒரு சினிமாப் படம் வெளிவந்தது. அதுவும் துரோகக் கதை. பழிவாங்கும் கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. துரோகம் செய்தவன் ஒருவன். ஆனால் பழி விழுவது யார் தலையில்?

முதலில் ஜப்பான் படம். அதன் பெயருக்கு, "நியாயமும் இரக்கமும் இல்லாத சண்டை" என்று பொருள். டைரக்டர் கிஞ்சி புகசாகு. கதாநாயகன் புன்டா சுகவாரா.

"யாகூசா" என்றால் ஜப்பானிய ரவுடிக் கும்பல். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஹிரோஷிமாவை அடுத்த குரே என்ற துறைமுக நகரம். வேலை இல்லை, சோறு இல்லை. கள்ள மார்க்கெட்டில் திரியும் வாலிபர்கள் ஒரு கும்பலில் சேருகிறார்கள். மதுக்கிண்ணத்தைக் கையில் ஏந்தி, தலைவன்தான் தகப்பன் என்று சத்தியம் செய்கிறார்கள்.

அந்தத் "தகப்பன்" பெரிய நயவஞ்சகன்! காரியம் ஆகவேண்டும் என்றால் கண்ணீர் வடிப்பான். காரியம் முடிந்ததும் கைவிடுவான். கதாநாயகன் அவனுக்காகவே ஒரு கொலை செய்து ஜெயிலுக்குப் போகிறான். வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு சாகிறார்கள். நண்பன் ஒருவன் தன் குழந்தைக்குப் பொம்மை வாங்கப் போன கடையிலேயே சுடப்பட்டு விழுகிறான்.

கடைசிக் காட்சி, அந்த நண்பனின் இறுதிச் சடங்கு. நடத்துபவன் யார்? அதே தலைவன்தான்! கதாநாயகன் துப்பாக்கியை எடுக்கிறான். எல்லோரும் நடுங்குகிறார்கள். அவன் யாரையும் சுடவில்லை. சடங்கு மேடையில் இருந்த படையல் பொருள்களைச் சுட்டு நொறுக்கிவிட்டு வெளியேறுகிறான். துரோகி உயிரோடு இருக்கிறான்.

(ரத்தம் அதிகம் கொட்டும் படம். பிள்ளைகளுக்கு ஏற்றது அல்ல.)

இனி நம் கதைக்கு வருவோம். 1964-ல் வந்த "பூம்புகார்" படத்தைக் குடும்பத்தோடு பார்த்தவர்கள் பலர். கண்ணகியாக விஜயகுமாரி, கோவலனாக எஸ்.எஸ்.ராஜேந்திரன். வசனம் மு.கருணாநிதி.

அரசியின் சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். பழியைக் கோவலன் மேல் போட்டான். காவலர்கள் தயங்கினார்கள். "இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே" என்றார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்கள் மனதைக் கலைத்தான். குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான்.

கண்ணகி உடனே தீ வைத்தாளா? இல்லை! நேரே அரண்மனைக்குப் போனாள். அரசன் முன் நின்று வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். பாண்டியன் தன் குற்றத்தை உணர்ந்து அங்கேயே உயிரை விட்டான். இப்படிச் சாட்சி வைத்து வழக்கை வென்ற கதாநாயகி உலகக் கதைகளில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அதன் பிறகுதான் மதுரை எரிந்தது. அப்போதும் குழந்தைகளை, முதியவர்களை, நல்லவர்களை விட்டுவிடும்படி தீக்குக் கட்டளை. கோபத்திலும் கணக்கு இருந்தது.

இன்றைய பழிவாங்கும் படங்களில் இந்தக் கணக்கு இல்லை. கதாநாயகன் இருபது அடியாட்களை வெட்டிச் சாய்க்கிறான். தியேட்டரில் விசில் பறக்கிறது. அந்த இருபது பேர் யார்? கூலிக்கு வந்தவர்கள். அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது.

சினிமாவில் மட்டும்தானா? பழிக்குப் பழி கொலைச் செய்தி பத்திரிகைகளில் வருகிறது. முதலில் குற்றம் செய்தவன் தப்பி ஓடியிருப்பான். வெட்டுப்பட்டவன் அவன் தம்பியாகவோ மைத்துனனாகவோ இருப்பான்.

சிலப்பதிகாரத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. மேடையில் அதிகம் பேசாத இடம். பாண்டியன் இறந்தபின் நாட்டில் மழை இல்லை. பஞ்சமும் நோயும் வந்தன. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் கோபம் தணியவேண்டும் என்று பலி கொடுத்தான். யாரை? பொற்கொல்லர்களை! ஒரே நாளில் ஆயிரம் பேரை!

கண்ணகி அதைக் கேட்கவில்லை. அவள் வழக்கு அரண்மனையிலேயே தீர்ந்துவிட்டது. திருடியவன் ஒரே ஒருவன். மற்றவர்கள் செய்த குற்றம், அவன் செய்த தொழிலையே செய்ததுதான்.

பிறகு மழை பெய்தது, நாடு செழித்தது என்கிறது கதை. அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் அரசியின் சிலம்பைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?