பாதுகாப்புப் படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது, கவர்ச்சியான பெயர் கொண்ட படிப்புகளின் விளம்பரங்களும் பெருகுகின்றன. ‘உள்நாட்டுப் பாதுகாப்பு’ என்பது அவற்றுள் ஒன்று. நாட்டுக்குத் தொண்டாற்ற விரும்பும் உங்கள் ஆர்வம் போற்றத்தக்கது. ஆனால் அதற்காகத் தாயின் நகையை அடகு வைத்து, பெயரில் மட்டும் பாதுகாப்பைத் தாங்கிய பட்டம் ஒன்றைப் பெற வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் 2002-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி உருவான தனித்துறை 2003-இல் செயல்படத் தொடங்கியது. அதையொட்டி அங்குள்ள கல்லூரிகளில் இப்பெயரில் பட்டப் படிப்புகள் பெருகின. நம் நாட்டிலோ இப்பணி காவல்துறை, மத்தியப் படைகள், பேரிடர் மீட்புப் படை, தடய அறிவியல் ஆய்வகங்கள் எனப் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல் உண்டு. எல்லா வாசலையும் திறக்கும் ஒற்றைப் பட்டம் கிடையாது.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் உதவி கமாண்டன்ட் பதவிக்கு மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அதற்குக் கல்வித் தகுதி, அங்கீகாரம் பெற்ற ஏதேனும் ஒரு பட்டம். உடல் தகுதியும் வயது வரம்பும் உண்டு. பட்டத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரக்கூடிய தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. அங்கே கடற்படைக்கும் விமானப்படைக்கும் மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும்.

இனி, பாதுகாப்புக் கருவிகளைப் பாருங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் கருவி இரு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துகிறது. அணு எண் மிகுந்த பொருள், குறைந்த ஆற்றல் கதிர்களை மிகுதியாக உட்கவரும். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் உலோகம் எது, கரிமப் பொருள் எது எனப் பிரித்தறியலாம். வெடிமருந்துகளில் பெரும்பாலானவை கரிமப் பொருள்களே. திரையில் அவை ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீல நிறத்திலும் தோன்றும். உலோகம் கண்டறியும் கருவியோ 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலால் இயங்குகிறது. அது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது!

1928-இல் சர் சி. வி. இராமன் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்கும் கையடக்கக் கருவிகள், கண்ணாடிப் புட்டியைத் திறவாமலே உள்ளிருக்கும் வேதிப்பொருள் இன்னதெனச் சொல்கின்றன. இராமன் இயற்பியல் பயின்றது சென்னை மாநிலக் கல்லூரியில். அது ஓர் அரசுக் கல்லூரி என்பதை மறவாதீர்கள்.

அப்படியானால் சிறப்புப் படிப்புகள் வீணா? அல்ல. காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும், அதன் அருகே இராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் உள்ளன. இரண்டும் 2020-இல் நாடாளுமன்றச் சட்டங்களால் தேசிய நிலை பெற்றவை. உதவித்தொகையோ வசதியோ இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால், அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ கணிதமோ முதலில் படியுங்கள். சிறப்புப் பயிற்சியை முதுநிலையில் பெறலாம். இடையில் மனம் மாறினாலும் அடிப்படை அறிவியல் பட்டம் உங்களைக் கைவிடாது. ஆசிரியப் பணி முதல் ஆராய்ச்சி வரை பல வழிகள் திறந்திருக்கும்.

எந்தக் கல்லூரியில் சேர்வதாயினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? விடுதி, உணவு, பயணம் எல்லாம் சேர்த்து மூன்றாண்டுச் செலவு எவ்வளவு? நீங்கள் விரும்பும் பதவியின் அறிவிப்பில் இந்தப் பட்டம் தகுதியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா? மூன்றாவது கேள்விக்கான விடையைக் கல்லூரியின் விளம்பரத்தில் தேடாதீர்கள். பணி அறிவிப்பை நீங்களே வாங்கிப் படியுங்கள். அதன் பிறகு பெற்றோருடன் அமர்ந்து முடிவெடுங்கள்.